ரீசெட் பட்டனில் கை வைப்பதற்கு முன்: விளக்கு வைத்த வாசல் கேமராவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளக்கும் கேமராவும் ஒன்றாக இருக்கும் வாசல் கேமராக்கள் இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கின்றன. போர்ட்டிகோ ஹோல்டரில் பல்பு போல மாட்டுவது, இரண்டு பக்கமும் ஃப்ளட்லைட்டோடு சுவரில் நிற்பது, சோலார் தகட்டோடு வருவது என்று பல ரகம். எந்த ரகமானாலும், படம் வரவில்லை என்றதும் பலரும் ஏணி போட்டு ஏறி ரீசெட் பட்டனை அழுத்துகிறார்கள். கடைசியாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்வது அது. வைஃபை பாஸ்வேர்டு, விளக்கு எரியும் நேரம், ஆள் நடமாட்டத்தைக் கவனிக்கும் பகுதி என்று நீங்கள் அமைத்து வைத்ததெல்லாம் அதில் போய்விடும். திரும்ப இணைக்கக் கேமராவின் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கர் தேவைப்படலாம். வெயிலில் அது வெளுத்துப் போயிருக்கும். மாட்டும் அன்றைக்கே அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது, கேமரா எந்த நேரத்தில் நிற்கிறது என்பதைத்தான். ஆப்பில் கடைசியாகப் பதிவான காட்சியின் நேரத்தைப் பாருங்கள். பாதிக் கோளாறுகளுக்கு அந்த நேரமே விடை சொல்லிவிடும்.

தினமும் காலை ஆறு மணி வாக்கில் நின்று, விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி உயிர் பெறுகிறதா? கேமராவில் கோளாறே இல்லை. வீட்டில் யாரோ பழக்க தோஷத்தில் வாசல் லைட் சுவிட்சை அணைக்கிறார்கள், அவ்வளவுதான். பழைய விளக்கின் லைனிலேயே கேமராவைக் கோத்தால் இது நடக்கத்தான் செய்யும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேமராவுக்கு எப்போதும் மின்சாரம் இருக்கும்படி மாற்றிவிட்டு, விளக்கை மட்டும் ஆப்பில் போட்டு அணையுங்கள். சுவிட்சின் மேல் 'அணைக்காதே' என்று சீட்டு ஒட்டுவதெல்லாம் ஒரு வாரம் தாங்கும்.

பகல் முழுக்க ஒழுங்காக ஓடி, இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும் கேமராவின் கதை வேறு. இதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், மேசை மேல் நன்றாகவே ஓடும். 'ஒன்றும் இல்லையே சார்' என்று திருப்பித் தந்துவிடுவார்கள். பகலில் கேமரா மட்டும்தான் மின்சாரம் எடுக்கிறது. இரவில் இருட்டில் படம் எடுக்க உதவும், கண்ணுக்குத் தெரியாத ஒளி தரும் இன்ஃப்ராரெட் எல்ஈடியும் வெள்ளை விளக்கும் சேர்ந்துகொள்கின்றன. அடாப்டரை ஹாலில் வைத்துவிட்டு மெல்லிய வயரை வாசல் வரை இழுத்திருந்தால், வோல்டேஜில் ஒரு பங்கு வயரிலேயே போய்விடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 10 மீட்டர் என்றால், போக வர 20 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.7 ஓம். 5 வோல்ட் கேமரா பகலில் அரை ஆம்பியர் எடுத்தால் இழப்பு 0.35 வோல்ட், சமாளித்துக்கொள்ளும். இரவில் விளக்கோடு சேர்ந்து 2 ஆம்பியர் எடுத்தால் 1.4 வோல்ட் வழியிலேயே போய், கேமராவுக்குச் சேர்வது 3.6 வோல்ட்தான். அது அணையும், திரும்பத் தொடங்கும், விளக்கைப் போடும், மறுபடி அணையும்.

சந்தேகம் இருந்தால் இரவு விளக்கையும் இன்ஃப்ராரெட்டையும் ஆப்பில் நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். இருட்டுப் படமாக இருந்தாலும் விடியும் வரை இணைப்பு அறாமல் இருந்தால், குற்றம் மின்சாரத்தின் மேல்தான். அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில், மழை படாத பெட்டிக்குள் வைப்பது சரியான தீர்வு. இல்லையென்றால் தடித்த வயர் போடலாம். வோல்டேஜ் குறைகிறது என்று 5 வோல்ட் கேமராவில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள், எரிந்துபோகும். வோல்ட் மாறவே கூடாது. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. டிராயரில் கிடக்கும் பழைய செல்போன் சார்ஜரும் இந்த வேலைக்கு ஆகாது.

இணைப்பு அறுவதில்லை, விளக்கு மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை எரிந்து அணைகிறது என்றால், கேமராவை மாட்டிய இடத்தைப் பாருங்கள். சன்ஷேடுக்கோ வெள்ளைச் சுவருக்கோ ஒட்டினாற்போல இருந்தால், அதன் வெளிச்சம் அதன் மேலேயே திரும்பி விழும். விடிந்துவிட்டது என்று நினைத்து விளக்கை அணைக்கும். அணைத்ததும் இருட்டு, மறுபடி போடும். கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள், அல்லது விளக்கு தானாக எரியும் 'ஆட்டோ' அமைப்பை விட்டுவிட்டு மாலை 6 முதல் காலை 6 வரை என்று நேரம் குறித்துவிடுங்கள். இரவுப் படம் பனிமூட்டம் போல வெளுத்துத் தெரிவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். லென்ஸின் மேலிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் உண்டு.

அப்புறம் பூச்சி. வெள்ளை விளக்கு எரிந்தால் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும், சிலந்தி லென்ஸுக்கு முன்னாலேயே வலை பின்னும். முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் நாளில் ராத்திரி முழுக்க போன் அலறிக்கொண்டே இருக்கும். எரிச்சலில் நோட்டிஃபிகேஷனையே அணைத்துவிடுவதுதான் இங்கே பெரிய தவறு, ஏனென்றால் மறுபடி அதை யாரும் போடுவதில்லை. சாதாரண நேரத்தில் இன்ஃப்ராரெட், மனிதரைக் கண்டால் மட்டும் வெள்ளை விளக்கு என்று அமைத்தால் தொல்லை வெகுவாகக் குறையும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் கம்பைக் காட்டினால் போதும். பூச்சி மருந்தை மட்டும் லென்ஸ் மேல் அடிக்காதீர்கள். துடைக்க ஈரத்துணியே போதும்.

பேட்டரியிலும் சோலாரிலும் ஓடுகிற ரகங்களில் இதற்கு நேர்மாறான புகார் வரும்: 'ஆள் வந்தாலும் எழுவதில்லை.' இவற்றில் பல, உடல் வெப்பத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கின்றன. சித்திரை வெயிலில் சுவரும் தரையும் உடம்பளவு சூடாகிவிட்டால் மனிதர் தனியாகத் தெரிவதில்லை. சென்சிட்டிவிட்டியை எவ்வளவு கூட்டினாலும் அந்த நேரத்தில் பலன் குறைவுதான். கேமராவை நோக்கி நேராக நடந்து வருபவரைவிட, குறுக்கே கடப்பவரை இந்த சென்சார் எளிதில் பிடிக்கும். அதனால் கேட்டுக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில், எட்டு பத்து அடி உயரத்தில் மாட்டுங்கள். திருடன் எட்டக்கூடாது என்று மொட்டை மாடி உயரத்தில் மாட்டினால் கிடைப்பது உச்சந்தலைப் படம்தான்.

வைஃபை விஷயம் சுருக்கமானது. இந்தக் கேமராக்களில் நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். முதல்முறை இணைக்கும்போது உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சில ஆப்கள் மக்கர் செய்யும். ரூட்டருக்கும் வாசலுக்கும் இடையில் இரண்டு கான்கிரீட் சுவர் இருந்தால், புதுக் கேமரா வாங்கும் முன் ரூட்டரை நகர்த்திப் பாருங்கள்.

மழையில் கேமராவை விட அதன் வால்தான் கெடுகிறது. தூசியும் தண்ணீரும் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி66 என்ற மதிப்பு கேமராவின் உடம்புக்குத்தான். பின்னால் தொங்கும் வயர் இணைப்புகளுக்கு அது பொருந்தாது. அவற்றை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டால், டேப் நீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். வயரைச் சற்றுத் தொங்கவிட்டு, கீழிருந்து மேலே ஏறி நுழையும்படி விட்டால் வயர் வழியாக ஓடும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எதைத் தொடுவதானாலும் சுவிட்சை அணைத்தால் போதாது, மின் பெட்டியில் அந்த லைனுக்கான எம்சிபியை அணையுங்கள். வயரிங்கில் சுவிட்ச் ஃபேஸ் வயரில் இல்லாமல் தவறாக நியூட்ரல் வயரில் கொடுக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும்.

கரண்ட் போகும்போது மட்டும் படம் நிற்கிறதென்றால், ரூட்டரும் கேமராவும் இரண்டுமே இன்வெர்ட்டரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல வீடுகளில் ரூட்டர் இருக்கும், வாசல் லைன் இருக்காது. கரண்ட் வந்த பிறகு கேமராவின் கடிகாரத்தையும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். இணையம் கிடைக்காத கேமரா 1970 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருக்கலாம், அந்தப் பதிவைப் போலீசிடம் காட்டினால் கேள்விதான் வரும்.

மெமரி கார்டை யாரும் நினைப்பதே இல்லை. இடைவிடாமல் எழுதி அழிக்கும் வேலையில் சாதாரண கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். நேரலைப் படம் நன்றாக வரும், பதிவு மட்டும் இருக்காது. கேமராவுக்கென்றே விற்கும் 'ஹை என்டியூரன்ஸ்' கார்டை வாங்கி, கம்ப்யூட்டரில் அல்லாமல் கேமராவின் ஆப்பிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். மாதம் ஒருமுறை, போன வாரத்து ஏதோ ஒரு ராத்திரியின் பதிவை எடுத்து ஓட்டிப் பாருங்கள்.