பரம்பரையில இருக்கு எண்டால் என்ன செய்யலாம்? பிள்ளைக்கு ஆயத்தமாகும் வன்னிக் குடும்பங்களுக்கு

"அது அவையின்ர பரம்பரையில இருக்கு மிஸ், நாங்கள் என்ன செய்யிறது?"

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் கிராமங்களில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிற எனக்கு இந்தக் கேள்வி வராத கிழமை இல்லை. செய்வதற்கு நிறைய இருக்கிறது. தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி என்று, மரபணுக்களைச் சுமக்கிற 23 சோடி நிறமூர்த்தங்களாகப் பிள்ளைக்கு வருவதை நாம் மாற்ற முடியாது. ஆனால் குடும்பத்தில் ஒரு வருத்தம் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், எந்தக் கிழமையில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கலியாண எழுத்து முடிந்ததிலிருந்து பிள்ளை பிறந்து முதல் மாதம் வரை செய்ய வேண்டியவற்றை, வீடு வீடாகப் போய்ச் சொல்கிற அதே ஒழுங்கில் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வீட்டுக் கதையையும் கேளுங்கள்

யாருக்குச் சீனி வருத்தம், யாருக்குப் பிரஷர், சின்ன வயதில் செத்த பிள்ளை உண்டா, அடிக்கடி இரத்தம் ஏற்றின பிள்ளை உண்டா, பிறவியிலேயே காது கேளாதவர் உண்டா, பிறந்தவுடன் கடும் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் வைத்த பிள்ளை உண்டா என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் இது லேசான வேலை இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கிளினிக் கொப்பிகள் போய்விட்டன, கதை தெரிந்த பெரிசுகள் பலர் இல்லை. பெரியம்மா கனடாவில் இருந்தால் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். கேட்டதை ஒரு ஒற்றையில் எழுதி முதல் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள்.

சொந்தத்துக்குள் முடிக்கிறவர்களுக்கு வேறொரு பயம். "என்ர சொந்த மச்சானைத்தான் முடிக்கப்போறன் மிஸ், பிள்ளை ஊனமாப் பிறக்குமோ?" என்று ஒரு பிள்ளை அழாத குறையாகக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சொந்தமில்லாத தம்பதிகளுக்கும் நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் பாரதூரமான பிறவிக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். சொந்த மச்சான் மச்சாளுக்கு இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்படிப் பார்த்தாலும் நூறில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை சுகமான பிள்ளைகள். ஆனால் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்தவர்கள் என்பதால் இருவரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமக்க வாய்ப்புக் கூட. குடும்பத்தில் ஒரே வருத்தம் இரண்டு பிள்ளைகளுக்கு வந்திருந்தால், கலியாணத்துக்கு நாள் வைக்க முதலே வைத்தியரைப் பாருங்கள்.

தலசீமியா என்பது பிள்ளைக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வைக்கிற பரம்பரை வருத்தம். அதற்கான இரத்தப் பரிசோதனையைச் சொந்தமோ இல்லையோ எல்லோரும் செய்ய வேண்டும். பழுதான மரபணுவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்றுக் காவியாக இருக்கிற ஆளுக்கு ஒரு வருத்தமும் தெரியாது. இரண்டு காவிகள் சேர்ந்தால்தான் பிரச்சினை. அப்போது பிள்ளைக்கு வருத்தம் வர வாய்ப்பு நாலில் ஒன்று என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு, "முதல் பிள்ளைக்கு வந்திட்டுது, இனி மூண்டு பிள்ளைக்கு வராது" என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு முறை வயிற்றில் தங்கும்போதும் அந்த நாலில் ஒன்று புதிதாகத் தொடங்குகிறது.

இன்னொன்று. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. மூன்றாவதும் பெண் என்று மருமகளைக் குறை சொல்கிற மாமிமாரிடம் இதைப் பலமாக வாசித்துக் காட்டுங்கள்.

வயிற்றில் தங்க முதலே குளிசை

போலிக் அமிலம் கர்ப்பம் தெரிந்த பிறகு தொடங்குகிற குளிசை என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் ஒரு குழாயாகத்தான் தொடங்குகின்றன. கருத்தரித்து 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிவிட வேண்டும், மூடாவிட்டால் மூளையிலோ முள்ளந்தண்டிலோ பாரதூரமான குறைபாடு வரும். மாதவிடாய் பிந்தி இரண்டு கிழமை ஆகும்போதே 28 நாள் போய்விடுகிறது. சோதித்துப் பார்த்து, மாமியிடம் சொல்லி, என்னிடம் வருகிற நேரத்தில் அந்த வேலை முடிந்திருக்கும். ஆகவே கருத்தரிக்க ஒரு மாதத்துக்கு முன்பாவது தொடங்குங்கள். கலியாணம் முடித்தவுடன் உங்கள் பகுதி உத்தியோகத்தரிடம் கேட்டால் இலவசமாகவே தருவோம்.

முன்பு இந்தக் குறைபாட்டோடு பிள்ளை பிறந்த தாய்க்கு மறுபடி அப்படிப் பிறக்க வாய்ப்பு மற்றவர்களை விடக் கூட. அப்படிப்பட்ட தாய்மாரை வைத்துச் செய்து 1991 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், கூடிய அளவு போலிக் அமிலம் பத்தில் ஏழு பங்கைத் தடுத்தது. பரம்பரையில் இருப்பதை ஒரு சின்னக் குளிசை இப்படித் தடுக்கிறது. உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அளவைக் கூட்டித் தருவார்.

ருபெல்லாத் தடுப்பூசி போட்டீர்களா என்பதையும் இப்போதே பாருங்கள். கர்ப்பமான பிறகு அந்த ஊசி போட முடியாது. போட்டால் ஒரு மாதம் பொறுத்துத்தான் பிள்ளைக்கு முயற்சிக்க வேண்டும்.

வயிற்றுக்குள் இருக்கிற காலம்

கருத்தரித்து மூன்றாம் கிழமையிலிருந்து எட்டாம் கிழமை வரைக்கும்தான் பிள்ளையின் இருதயம், கை, கால், கண், காது எல்லாம் உருவெடுக்கின்றன. அந்த நேரத்தில் தலையிடிக்கென்றாலும் பாமசியில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். 1950களின் கடைசியில் சத்திக்கென்று தலிடோமைட் என்ற மருந்தைப் பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். பத்தாயிரம் அளவான பிள்ளைகள் கை கால் குறைந்து பிறந்தார்கள். அந்தத் தாய்மாரின் பரம்பரையில் ஒரு பிழையும் இல்லை. வலிப்பு, தைரொயிட், பிரஷர் என்று ஏற்கனவே மருந்து எடுக்கிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, வைத்தியரைக் கேட்டு மாற்ற வேண்டும்.

வயலுக்கும் கச்சானுக்கும் மருந்தடிக்கிற பருவத்தில் நான் வீடுகளில் பார்க்கிற ஒன்று இருக்கிறது. மனிசன் மருந்தடித்துவிட்டு வந்து கழற்றிப் போட்ட சேர்ட்டையும் சாரத்தையும், பிள்ளைத்தாச்சி மனிசி மற்ற உடுப்புகளோடு வெறுங்கையால் கசக்கிக்கொண்டிருப்பாள். அது வேண்டாம். அவர் கிணற்றுக்குத் தள்ளி நின்று குளிக்கட்டும், அந்த உடுப்பைத் தானே தனியாகத் தோய்க்கட்டும். வெறும் ரின்னுகளை வீட்டுக்குள் கொண்டுவர விடாதீர்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிற தாய்மார் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். சத்தி வராமல் இருக்கும் என்பார்கள். புகையிலை பிள்ளையின் நிறையைக் குறைக்கிறது. பக்கத்தில் இருப்பவர் குடிக்கிற பீடிப் புகையும், காற்றோட்டமில்லாத குசினியின் விறகுப் புகையும் அதே வேலையைத்தான் செய்கின்றன. கசிப்போ பியரோ, துளி கூட வேண்டாம்.

இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்ரீயோடு விழுங்கினால் பாதிப் பலன் போய்விடும். தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள். கல்சியம் குளிசையை வேறு நேரத்துக்கு வையுங்கள். திரிபோஷாப் பக்கட்டை முழு வீட்டுக்கும் பங்கு போட வேண்டாம், அது உங்களுக்கு. முட்டை, பயறு, முருங்கையிலை, குளத்து விரால் எல்லாம் நல்லது. குங்குமப்பூ நிறம் தராது. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

உங்கள் தாய் தகப்பனுக்குச் சீனி இருந்தால், 24 இலிருந்து 28 கிழமைக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்கிற பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். உங்கள் சீனி கூடினால் அது தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். பிள்ளை அளவுக்கு மீறி வளரும், பிறந்தவுடன் அதன் சீனி திடீரென்று இறங்கும்.

2009 இல் வயிற்றில் இருந்தவர்கள்

இதைச் சொல்லாமல் என்னால் இந்த விஷயத்தை எழுத முடியாது. 1944 குளிர்காலத்தில் ஜேர்மன் படைகள் உணவை மறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களைப் பல பத்து வருடங்களாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களிடம் சீனி வருத்தம் கூடுதலாகத் தெரிந்தது, பட்டினியின்போது முதல் மாதங்களில் இருந்தவர்களிடம் இருதய வருத்தமும். அறுபது வருடம் கழித்தும் அவர்களின் மரபணுக்களின் மேலுள்ள இரசாயனக் குறிகளில் வித்தியாசம் இருந்தது. மரபணு மாறவில்லை, அது வேலை செய்கிற விதம் மாறியிருந்தது.

2009 இறுதி யுத்தத்தில் எங்கள் தாய்மார் பங்கருக்குள் கஞ்சியோடு சுமந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளையின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஆகவே நாளைக்கு அவள் பெறப்போகிற பிள்ளையின் பாதியும் அந்தப் பங்கருக்குள் இருந்ததுதான். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த வருடத்துப் பிள்ளைகள் சீனியையும் பிரஷரையும் நாற்பது வயதுவரை காத்திராமல் இப்போதே பார்த்துக்கொள்ளட்டும். கர்ப்பமானால் முதல் கிளினிக்கிலேயே "நான் 2009 இல பிறந்தனான்" என்று சொல்லட்டும்.

பிறக்கிற நேரமும் பிறகும்

உங்கள் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ், கணவருடையது பொசிட்டிவ் என்றால், பிள்ளையும் பொசிட்டிவாகப் பிறந்தால் 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி-டி ஊசி போட வேண்டும். கரு கலைந்தாலும் ஊசி தேவையா என்று உடனே வந்து கேளுங்கள். ஊசி தவறினால் அடுத்த பிள்ளையின் இரத்தத்தை உங்கள் உடம்பே அழிக்கப் பார்க்கும்.

பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால். சீனித்தண்ணி, தேன் எதையும் நாக்கில் வைக்க வேண்டாம்.

பிள்ளைக்கென்று எடுத்து வைத்த உடுப்பு, மூத்தவனின் பழைய துணி, அம்மம்மாவின் சேலை எல்லாம் பூச்சி அரிக்காமல் வெள்ளை உருண்டை போட்ட பெட்டிக்குள்தான் இருக்கும். அந்த நப்தலீன் மணம் சில பிள்ளைகளுக்கு நஞ்சு. ஜி6பிடி என்ற நொதியம் பரம்பரையாகக் குறைந்த பிள்ளைகளுக்கு, அதுவும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு, அந்த மணம் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் வரும். மலேரியா நெடுங்காலம் இருந்த நாடுகளில் இந்தக் குறைபாடு கூட. உருண்டை படாத வீட்டில் அதே பிள்ளை பெரும்பாலும் ஒரு குறையும் தெரியாமல் வளரும். ஆகவே உருண்டை போட்ட பெட்டித் துணிகளைப் பிள்ளைக்குப் போடாதீர்கள். உருண்டை போடாமல் வைத்திருந்த துணியைத் தோய்த்து வெயிலில் காயவைத்துப் போடுங்கள்.

முதல் 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், அல்லது உள்ளங்காலும் மஞ்சளாகி பிள்ளை பால் குடிக்காமல் தூங்கினால், வெயிலில் பிடித்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தாய்க்கு இரண்டு கிழமைக்கு மேலும் அழுகை, நித்திரையின்மை, பிள்ளையைத் தூக்க மனமின்மை இருந்தால், வீட்டுக்காரர் "சோம்பல்" என்று ஏசாமல் எங்களுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆஸ்பத்திரியில் குதிக்காலில் குத்தி எடுக்கிற அந்தத் துளி இரத்தம் தைரொயிட் சுரப்பி வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். குறைபாடு இருந்தும் வெளியில் ஒன்றும் தெரியாது. இரண்டு கிழமைக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி பெரும்பாலும் மற்றப் பிள்ளைகள் போலவே இருக்கும், மாதக்கணக்கில் பிந்தினால் திருத்த முடியாது. இரத்தம் எடுக்கும்போது சரியான போன் நம்பரைக் கொடுங்கள். சிம் மாற்றினால், அல்லது பத்தியத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால், புது நம்பரையும் விலாசத்தையும் அன்றைக்கே உங்கள் உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.