விடுதியில் குடியிருந்து பணிபுரியும் காப்பாளருக்கு: சேலத்திலிருந்து சில குறிப்புகள்

விடுதிக் காப்பாளர் பணிக்கான ஆணை கைக்கு வந்ததும் அதை இருமுறை படித்து, அதில் விடுபட்டவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் ஒரு மாணவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டி பிடித்தால் அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது, நீங்கள் விடுப்பில் போனால் பொறுப்பு யாருடையது, மாணவர்கள் அழைக்க வேண்டிய கைப்பேசியை நிறுவனம் தருகிறதா என்ற மூன்றும் பெரும்பாலும் ஆணையில் இருப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு ஒழுங்குமுறைகள், ஒவ்வொரு விடுதிக்கும் முழுநேரக் காப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் விடுதியிலோ மிக அருகிலோ குடியிருக்க வேண்டும், எந்நேரமும் தொடர்புகொள்ளத்தக்க கைப்பேசியை நிறுவனமே அவருக்கு வழங்கி அதன் எண்ணை மாணவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்கின்றன. இதைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம். நான் எதையும் கேட்காமல் சேர்ந்தவன். முதல் மாதத்தில் வாடகைக் காருக்குக் கொடுத்த 1,400 ரூபாய்க்கான ரசீது எட்டு மாதம் கோப்பிலேயே சுற்றியது. சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டதால், அந்த விடுதியை விட்டு வந்த பின்னும் மெஸ் பில் கேட்டு அழைப்புகள் வந்துகொண்டிருந்தன.

விடுதி நிர்வாகத்தில் தலைமைக் காப்பாளரும் காப்பாளரும் பெரும்பாலும் துறைப் பேராசிரியர்கள். மாலையில் வீடு திரும்பிவிடுவார்கள். துணைக் காப்பாளர் என்ற பெயரிலோ விடுதி ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரிலோ கட்டடத்துக்குள்ளேயே குடியிருப்பவர் நீங்கள் ஒருவர்தான்; இக்குறிப்புகளில் காப்பாளர் என்று நான் சொல்வது உங்களைத்தான். ஆகவே அறை ஒதுக்கீடு, கட்டண ரசீது, சான்றிதழ் போன்று பகலில் அலுவலகம் செய்து முடிக்கக்கூடிய வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரே கூரையின்கீழ் இருப்பவர் கண்ணில் மட்டுமே படக்கூடியவை சில உண்டு: இரண்டு நாளாக மெஸ்ஸுக்கு வராதவர், பகலெல்லாம் போர்வைக்குள் இருப்பவர், திடீரென அறை மாற்றம் கேட்பவர். அவற்றைப் பார்ப்பதற்காகவே உங்களுக்கு அங்கே குடியிருப்பு தரப்பட்டிருக்கிறது.

இரவு வருகைப் பதிவை மாணவர் தலைவரிடம் கொடுத்துவிட்டு மறுநாள் கையொப்பமிடுவது பரவலான வழக்கம், அதைக் கைவிடுங்கள். அறை அறையாக நீங்களே போய் முகத்தைப் பார்த்துக் குறியிடுங்கள். 200 பேர் உள்ள விடுதியில் இதற்கு ஒரு மணி நேரம் ஆகும், முதல் வாரம் அலுப்பாகவும் இருக்கும். ஆனால் வாசலில் நின்று "சாப்பிட்டாச்சா தம்பி?" என்று கேட்கும் அந்த அரை நிமிடத்தில் தெரியவருவது எந்தப் படிவத்திலும் வராது. தரைத்தளத்தில் தொடங்கி மேலே போகும் வழக்கமுள்ளவர், வாரத்தில் இரு நாள் மாடியிலிருந்து இறங்கி வரட்டும். காப்பாளர் எப்போது எங்கே இருப்பார் என்பதை மாணவர்கள் நம்மைவிட நன்றாகக் கணக்கிட்டு வைத்திருப்பார்கள்.

வெளியே செல்லும் பதிவேட்டைப் பொறுத்தவரை, சேலத்து விடுதிகளுக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே தங்கிப் படிப்பவர்களில் பலர் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களிலிருந்தும், கல்வராயன் மலை, கொல்லிமலை, சேர்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்தும் வருகிறவர்கள். வெள்ளிக்கிழமை மாலை விடுதியை விட்டுப் புறப்பட்ட மாணவர், தம் ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால், இரவை அடிவாரத்திலோ நண்பர் வீட்டிலோ கழிப்பார். வீட்டில் கைப்பேசிக் கோபுரத்தின் தொடர்பும் இருக்காது. "வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்பாவைப் பேசச் சொல்" என்ற வழக்கமான விதி இவர்களுக்குப் பொருந்தாது. எனவே சேர்க்கையின்போதே ஊரின் பெயரோடு, கடைசிப் பேருந்து நேரம், தொடர்பு கிடைக்கும் உறவினர் அல்லது கடைக்காரர் எண், இடையில் தங்கக்கூடிய வீடு ஆகிய மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையும் அரூரும் வெள்ளத்தில் தவித்து, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை எனக்குச் சொன்னது அந்தப் பட்டியல்தான்.

அடுத்தது வெயில் காலம். மார்ச் கடைசியில் தொடங்கி மேல்மாடி அறைகள் இரவிலும் அடுப்புபோல் கொதிக்கும்; மாணவர்கள் பாயை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கும் தரைத்தளத்துக்கும் இறங்கிவிடுவார்கள். மலையடிவாரப் புதரை ஒட்டிய வளாகங்களில் இது ஆபத்தானது. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு, தரையில் உறங்குபவரைக் கடிக்கும். அந்தக் கடியில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகும். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலி, கண் இமை சரிதல், விழுங்க முடியாமை, நாக்குழறல் என்று ஒரு மாணவர் வந்தால், "ராத்திரி என்ன சாப்பிட்டாய்?" என்ற கேள்வியோடு நிறுத்திவிடாமல் "ராத்திரி எங்கே படுத்தாய்?" என்றும் கேளுங்கள். கடிபட்ட இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது ஆகியவற்றை யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். நடக்க விடாமல், கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, 108க்கு அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தை எழுதிக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்; சேலம் நகரில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாம்பைப் பிடித்துக் காட்ட வேண்டிய தேவையில்லை. அந்த முயற்சியில் இன்னொருவர் கடிபடுவதுதான் மிச்சம். தரையில் படுக்கக் கூடாது என்று அறிக்கை ஒட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. மேல்மாடி மாணவர்களுக்கு மார்ச் மாதத்திலேயே கீழ்த்தள அறைகளில் கட்டிலோடு இடம் ஏற்பாடு செய்வதும், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிக்கொள்ளச் சொல்வதும் பலன் தருகின்றன. மெஸ்ஸின் பின்புறம் கொட்டும் எச்சில் இலைக்கு எலி வருகிறது, எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. ஆகவே குப்பைத் தொட்டியின் மூடியும் உங்கள் பொறுப்பே.

மெஸ்ஸில் சுவை பற்றிய புகாருக்கு முடிவே கிடையாது, அதில் அதிகம் மனத்தைச் செலுத்த வேண்டாம். கணக்கு பற்றிய புகாருக்கு மட்டும் ஒரே நாளில் விடை சொல்லிவிடுங்கள். பங்கீட்டு முறையில் ஒரு மாதத்தின் மொத்தச் செலவை, மாணவர்கள் அனைவரும் சாப்பிட்ட நாள்களின் கூட்டுத்தொகையால் வகுத்து ஒரு நாள் வீதம் காண்கிறோம். செலவு 5,40,000 ரூபாய், மொத்த உணவு நாள்கள் 5,400 என்றால் நாள் வீதம் 100 ரூபாய். 27 நாள் சாப்பிட்டவர் 2,700 கட்ட வேண்டும். முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போன நாள்களுக்குக் கழிவு கிடைக்கும்; மாணவர்கள் இதை 'ரிடக்‌ஷன்' என்பார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவையொட்டி உள்ளூர் விடுமுறை விட்டதும் பாதி விடுதி காலியாகிவிடும். எழுதிக் கொடுக்காமல் போனவர்களின் கழிவு விண்ணப்பங்கள் அடுத்த வாரம் குவியும். ஒரு விண்ணப்பத்தைப் பின்தேதியிட்டு ஏற்றுக்கொண்டால் நாள்களின் கூட்டுத்தொகை குறைந்து, வீதம் மற்ற எல்லோருக்கும் ஏறுகிறது. இந்த எண்கணிதத்தைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டால், பின்தேதி கேட்டு வருபவரை மாணவர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கட்டண நிலுவைப் பட்டியலைப் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். கல்வி உதவித்தொகை தாமதமாக வருவதால் நிலுவை வைப்பவர்களும், வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு நிலுவை வைப்பவர்களும் அதில் இருப்பார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்துவிட்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. தகுதியிருந்தும் விண்ணப்பிக்காமல் விட்ட முதலாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் சிலர் அகப்படுவார்கள். அவர்களைக் கண்டுபிடித்துக் கல்லூரி அலுவலகத்துக்கு அனுப்புவது நிலுவையை வசூலிப்பதற்கும் நல்ல வழி.

1996இல் அண்ணாமலைநகரில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பின்னர், தமிழ்நாடு 1997இலேயே ராகிங் தடைச் சட்டத்தை இயற்றியது. இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளின்படி, தண்டனைச் சட்டத்துக்கு உட்பட்ட குற்றம் என்று தெரிந்தால், புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய வேண்டும். இதனால் காப்பாளருக்கு இருக்கும் கடமை எளிமையானது: இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசாமல், கேட்டதைக் கேட்டபடி நேரத்தோடு எழுதி, அன்றே மேலே அனுப்ப வேண்டும். சமாதானம் பேசி முடித்த ஓர் இரவை நான் இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். கைகுலுக்கிவிட்டுப் போன அந்த முதலாண்டு மாணவர் மறுவாரமே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார். முதலாண்டினரைத் தனித் தளத்தில் வையுங்கள். அத்தளத்தின் மாடிப்படியை உங்கள் குடியிருப்பு வாசலிலிருந்து பார்க்க முடிந்தால் மிக நல்லது.

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் வெளியூர்ப் பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அரியர் விழுந்தவரைவிட, "நல்லா எழுதியிருக்கேன்" என்று வீட்டில் சொல்லிவைத்தவரை அதிகம் கவனியுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் யாராவது ஒரு சொல் சொன்னாலும் அவரைத் தனியே விடாமல், அறைத்தோழர் ஒருவரையோ உங்களையோ உடன் வைத்து, 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலோ 104 என்ற மாநில சுகாதார உதவி எண்ணிலோ பேசவைத்து, வளாகத்தின் மனநல ஆலோசகரிடம் ஒப்படையுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்குறுதியை மட்டும் கொடுக்காதீர்கள். தேவையானவரிடம் மட்டும் சொல்வேன் என்பதே நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பயணத்தைத் தடுக்க முயன்று தோற்றவர்களில் நானும் ஒருவன். கண்ணெதிரே மலை நிற்கும்போது இருபது கொண்டைஊசி வளைவுகளை இருசக்கர வாகனத்தில் ஏறிப் பார்க்கும் ஆசை எந்தப் பதிவேட்டுக்கும் அடங்காது. தடை போட்டால், "பழைய பஸ் ஸ்டாண்டு போறோம் சார்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். விபத்து நடந்தால் எந்தச் சாலையில் தேடுவது என்பதுகூடத் தெரியாது. இப்போது உண்மையான இடத்தை எழுதினால் அனுமதி என்று வைத்திருக்கிறேன்: இருவருக்கும் தலைக்கவசம், ஏறுவது அடிவாரம் வழியா குப்பனூர் வழியா என்ற விவரம், மாலை ஐந்துக்குள் இறக்கம், இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வர வேண்டும் என்ற அறிவுரை. மழை நாளில் அனுமதி இல்லை.

மகளிர் விடுதியில் பணிபுரிபவர்கள், மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறைகளைப் படித்துவிடுவது நல்லது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதிக்கு விதிக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. ஆய்வகத்திலிருந்து இரவு எட்டரைக்குத் திரும்பும் ஆய்வு மாணவியை வாசலில் நிறுத்தி விளக்கம் கேட்பதற்குப் பதிலாக, ஆய்வகத்துக்கும் விடுதிக்கும் இடையிலுள்ள விளக்குகள் எரிகின்றனவா என்று பார்ப்பது அவருக்குப் பயன்படும்.

கடைசியாக, உங்கள் குடும்பம். குடியிருப்பின் கதவு எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று நினைத்து முதலாண்டில் என் வீட்டாரைத் தூங்கவிடாமல் செய்தேன். உடல்நலம், அடிதடி, தீ, தண்ணீர், யாராவது காணாமல் போவது ஆகியவற்றுக்கு எந்நேரமும் தட்டலாம், மற்றவற்றுக்குக் காலை ஏழுக்கு மேல் என்று எழுதி ஒட்டிய பின்னர் தட்டல்கள் பாதியாகக் குறைந்தன. ஃபியூஸ் போனதற்கும் வைஃபை கிடைக்காததற்கும் இரவுக் காவலர் அண்ணனே போதும். மாதத்தில் இரண்டு இரவாவது விடுப்பு எடுத்துக்கொண்டு வளாகத்தை விட்டு வெளியே போய்த் தூங்குங்கள். போகும்போது பொறுப்பேற்பவரிடம் சாவிக்கொத்தோடு ஒரு தாளையும் கொடுங்கள். காய்ச்சலில் படுத்திருப்பவர்களின் அறை எண், இரவு நேரம் கடந்து திரும்ப அனுமதி பெற்றவர்களின் பெயர், இந்த வாரம் தனியே கவனிக்க வேண்டிய இரண்டு மூன்று பேர், மேல்நிலைத் தொட்டியின் மோட்டாரை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்கட்டும்.