ஒளியியல் விஞ்ஞானியை விருதுக்குப் பரிந்துரைப்பது எப்படி?

நல்ல ஆராய்ச்சி செய்தால் விருது தானாகத் தேடி வரும் என்று பலர் நினைக்கிறார்கள், பெரும்பாலும் வராது. யாராவது உட்கார்ந்து பரிந்துரை எழுதியாக வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருக்கலாம்.

முதலில் எந்த விருது என்று பாருங்கள். ஆப்டிகா, எஸ்பிஐஇ (SPIE) என்ற சர்வதேச ஒளியியல் சங்கங்கள் தரும் ஃபிரெடெரிக் ஐவ்ஸ் பதக்கம், தங்கப் பதக்கம் எல்லாம் துறையின் உச்ச கௌரவங்கள், இளம் ஆய்வாளர்களுக்கு வேறு விருதுகள் இருக்கின்றன. நோபலுக்கோ அழைக்கப்பட்டவர்கள் மட்டும்தான் பரிந்துரைக்க முடியும், ஜனவரி 31-க்குள். ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிரவும் முடியாது.

அப்புறம் கடிதம். என்னைக் கேட்டால் உழைப்பில் முக்கால்வாசி இதற்கே போக வேண்டும். "ஒளியிழைத் துறையின் முன்னோடி" என்று எழுதினால் குழுவுக்கு ஒன்றும் புரியாது, எல்லாக் கடிதமும் அப்படித்தான் இருக்கும். சார்லஸ் காவோவைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: அன்றைய கண்ணாடி இழையில் கிலோமீட்டருக்குச் சுமார் 1000 டெசிபல் (ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதற்கான அளவு) ஒளி இழப்பு இருந்தது, காரணம் கண்ணாடியில் கலந்திருக்கும் மாசுதான், அதை நீக்கி இழப்பை 20 டெசிபலுக்குக் குறைத்தால் தொலைத்தொடர்புக்கு இழை போதும் என்று 1966-இல் சக ஆய்வாளர் ஹாக்கமோடு சேர்ந்து சொன்னார், 1970-இல் கார்னிங் நிறுவனம் அந்த அளவை எட்டிக் காட்டியது. இப்படி முன்பு என்ன நிலை, இவர் என்ன செய்தார், பிறகு என்ன மாறியது என்று எழுதினால் போதும், கட்டுரை எண்ணிக்கையை அடுக்க வேண்டாம்.

கூட்டு ஆய்வு என்றால் யார் எதைச் செய்தார் என்பதை மறைக்காமல் எழுதுங்கள், மாணவரின் பங்கையும் சேர்த்து. லேசர் துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் முறையை 1985-இல் டோனா ஸ்ட்ரிக்லாண்ட் ஜெரார் மூருவோடு வெளியிட்டபோது அவர் ஆராய்ச்சி மாணவிதான். 2018-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. பெரிய ஆய்வகத்துத் தலைவரின் பெயர் மட்டும் மேலே வருவது எனக்குச் சரியாகவே படவில்லை.

ஆதரவுக் கடிதங்களை அதே ஆய்வகத்தில் இருப்பவர்களிடம் கேட்காதீர்கள், அந்தக் கண்டுபிடிப்பைத் தங்கள் வேலையில் பயன்படுத்தியவர்களிடம் கேளுங்கள். ஆளுக்கொரு அம்சத்தைப் பிரித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் ஒன்றையே எழுதுவார்கள். கடைசி வாரத்தில் போய் நிற்காமல் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

முதல் வருடம் கிடைக்கவில்லையா? புதிய முடிவுகளைச் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். நுண்ணிய துகள்களை லேசர் ஒளியால் பிடித்து நிறுத்தும் ஒளி இடுக்கியைக் கண்டுபிடித்த ஆர்தர் ஆஷ்கினுக்கு நோபல் வந்தபோது வயது 96.

பதக்கம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 1960 மே 16-இல் மெய்மனின் ரூபி லேசர், அதாவது உலகின் முதல் லேசர், இயங்கிய நாளைத்தான் சர்வதேச ஒளி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு நீங்கள் பரிந்துரைக்கும் விஞ்ஞானியை அழைத்து, பொன்னாடையோடு நிறுத்தாமல், தன் சோதனையை மாணவர்கள் முன் செய்துகாட்ட ஒரு மேசையும் ஒரு மணி நேரமும் கொடுங்கள்.