வீட்டுக்குள் ஒரு பொய், வாசலில் ஒரு ஆள்: கிறிஸ்தவ சஸ்பென்ஸ் குறுநாவல் எழுதத் தொடங்குபவர்களுக்கு

கிறிஸ்தவ சஸ்பென்ஸ் எழுத உட்காருகிறவர்களில் பலர் வில்லனிடமிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு, தெருமுனையில் விளக்கணைத்து நிற்கும் ஒரு கார். பத்துப் பக்கம் வேகமாக ஓடும். பதினோராவது பக்கத்தில் இந்தக் குடும்பத்தை ஏன் துரத்துகிறோம் என்று வில்லனுக்கே தெரியாமல் கதை நின்றுவிடும். ஒரு தாம்பத்தியம் ஆபத்தில் சிக்கும் கதைக்கு விதை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ மற்றவரிடம் சொல்லாமல் விட்ட ஒன்று வெளியாள் ஒருவன் கையில் கிடைக்கிறது. இந்த வரிசையில் போனால் கதை தானாக நகரும்.

கீழே உள்ள படிகள் சுமார் 24,000 வார்த்தைக் குறுநாவலுக்கானவை: காட்சிக்கு ஆயிரம் வார்த்தை வீதம் 24 காட்சிகள், கதை நடக்கும் காலம் அதிகபட்சம் பத்து நாள். காட்சிக்கு ஓர் அட்டை என்று எழுதி மேசையில் பரப்பி வைத்தால் முழுக் கதையும் ஒரே பார்வையில் தெரியும்.

படி 1: பொய்யை முதலில் முடிவு செய்யுங்கள்

வேதத்திலேயே இதற்கு மாதிரி இருக்கிறது. ஆபிரகாம் தன் உயிருக்குப் பயந்து சாராளைச் சகோதரி என்று சொன்னது ஆதியாகமம் 12லும் வருகிறது, 20லும் வருகிறது. 26ஆம் அதிகாரத்தில் மகன் ஈசாக்கும் ரெபெக்காளைப் பற்றி அதையே சொல்கிறான். சொன்ன இருவரும் விசுவாசிகள்; சொல்ல வைத்தது பயம்; அந்தப் பயத்துக்கான விலை மனைவியின் தலையில் விழுகிறது. ஈசாக்கின் பொய் வெளிப்படும் விதத்தையும் கவனியுங்கள். பெலிஸ்தரின் ராஜா அபிமெலேக்கு சன்னல் வழியாகப் பார்க்கிறான், ஈசாக்கு மனைவியோடு விளையாடிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான். ஒற்றனும் இல்லை, கடிதமும் இல்லை. இந்தச் சன்னலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் அட்டையில் மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்கள். என்ன மறைக்கப்பட்டது? அன்றே ஏன் சொல்லவில்லை? இன்று ஏன் சொல்ல முடியவில்லை? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான கதைகள் ஓட்டையாகின்றன. “மனைவி வருத்தப்படுவாள்” என்பது 24,000 வார்த்தையைத் தாங்காது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். பெஞ்சமின் சபையின் பொருளாளர். பல வருடம் தொடர்பில்லாமல் போயிருந்த பழைய நண்பன், இவன் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன், அவசரம் என்று வந்து கேட்கிறான். கட்டட நிதிக் கணக்கின் காசோலையில் பெஞ்சமின் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான், தொகையை எழுதாமல். அன்று சொல்லாததற்குக் காரணம், ஒரே வாரத்தில் பணம் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை. இன்று சொல்ல முடியாததற்குக் காரணம், மனைவி லிடியாவின் அம்மா விட்டுச்சென்ற சேமிப்பு முழுவதும் அந்த நிதிக்குத்தான் காணிக்கையாகப் போயிருக்கிறது. இந்தக் காரணம் தாங்கும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். சபைக் கணக்குகளில் காசோலைக்கு இரண்டு கையெழுத்து கேட்பது சாதாரணம். கணக்கு வழக்கு தெரிந்த வாசகர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். ஆகவே இரண்டாவது கையெழுத்துக்காரர் வெளியூர் போகுமுன் சில தாள்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்ததாக அமையுங்கள். ஓட்டை அடைபடுவதோடு, தப்பில் பங்குள்ள இன்னொரு நல்ல மனிதரும் கதைக்குள் வந்துவிடுகிறார்.

படி 2: வில்லனுக்கு ஒரு தேவை, ஒரு வழி, ஒரு எல்லை

நம் உதாரணத்தில் அந்தப் பழைய நண்பன்தான் வில்லன். தேவை: அவனுக்கு இன்னொரு காசோலை வேண்டும், இல்லையென்றால் அவன் கழுத்துக்கு வேறொருவன் கத்தி வருகிறது. வழி: வீட்டு விலாசமும் குடும்பப் பழக்கமும் அவனுக்குத் தெரியும். எல்லை: எந்தச் செயலைச் செய்யமாட்டேன் என்று அவன் தனக்கே சொல்லிக்கொள்கிறான்? அந்த எல்லையை அவன் தாண்டும் காட்சியை 18ஆம் அட்டைக்கு ஒதுக்குங்கள்.

மிரட்டல் ஒவ்வொரு தடவையும் ஒரு அடி நெருங்க வேண்டும். முதலில் பணம், அடுத்து பெயர், அடுத்து குழந்தை. ஒரே உயரத்தில் இரண்டு மிரட்டல் வந்தால் இரண்டாவதை வெட்டுங்கள். இன்னொன்று, அவன் தேவபக்தி இல்லாதவன் அல்லது வேறு மதத்தவன் என்பதையே கெடுதலுக்குக் காரணமாக வைப்பது சோம்பேறித்தனம். பிறரைப் புண்படுத்தவும் செய்யும். ஆராதனையில் எல்லாப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடுகிற வில்லன்தான் அதிகம் பயமுறுத்துவான்.

“ஏன் போலீஸுக்குப் போகவில்லை?” என்று வாசகர் நான்காவது காட்சிக்குள் கேட்டுவிடுவார். அதற்கு முன்பே பதில் கதையில் இருக்கட்டும். நம் உதாரணத்தில் பதில் எளிது: போனால் முதலில் உள்ளே போவது பெஞ்சமின்.

படி 3: யாருக்கு என்ன தெரியும் என்ற அட்டவணை

ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: வாசகர், கணவன், மனைவி, வில்லன். கீழே 24 வரிசை. ஒவ்வொரு காட்சி முடிவிலும் யாருக்குப் புதிதாக என்ன தெரிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காட்சி தொடர்ந்து எந்தக் கட்டத்திலும் புதிதாக ஒன்றும் விழவில்லையென்றால் அங்கே கதை தூங்குகிறது.

எஸ்தர் புத்தகம் இந்த அட்டவணையைக் கச்சிதமாக நிரப்புகிறது. 5ஆம் அதிகாரக் கடைசியில் ராஜாவின் பிரதானியான ஆமான், மொர்தெகாயைத் தூக்கிலிட ஐம்பது முழ உயரத்தில் தூக்குமரம் செய்விக்கிறான். நமக்குத் தெரியும், மொர்தெகாய்க்குத் தெரியாது. 6ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் ராஜாவுக்கு நித்திரை வரவில்லை, நாளாகமப் புஸ்தகத்தை வாசிக்கச் சொல்கிறான். தன்னைக் காப்பாற்றிய மொர்தெகாய்க்கு எந்தக் கைம்மாறும் செய்யப்படவில்லை என்பது இப்போது ராஜாவுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் வந்து நிற்கும் ஆமானுக்குத் தெரியாது. யாரும் கத்தியை உருவவில்லை, ஆனால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் படிக்கிறோம்.

எங்கே என்ன தெரியவர வேண்டும் என்பதற்குத் தோராயமான கணக்கு இது. மூன்றாவது காட்சிக்குள் ரகசியம் வாசகருக்குத் தெரிந்துவிட வேண்டும். 12ஆவதில் மனைவிக்கு, அதுவும் கணவன் வாயால் அல்லாமல், அந்தச் சன்னல் மாதிரி ஒரு சின்னக் காட்சியால். 18இல் வில்லன் எல்லை தாண்டுகிறான். 21, 22 நேருக்கு நேர். கடைசி இரண்டு காட்சி, எல்லாம் முடிந்த பிறகு வீடு எப்படி இருக்கிறது என்பதற்கு.

ரகசியத்தை 20ஆம் காட்சி வரை வாசகரிடமிருந்தும் ஒளித்துவைக்கும் ஆசை புதிதாக எழுதுகிறவர்களுக்கு வரும். அப்படிச் செய்தால் ஒரு திடுக்கிடல் கிடைக்கும். அதற்கு முந்தைய 19 காட்சியிலும் பதற்றம் இருக்காது.

படி 4: ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம்

மிரட்டல் குழந்தையை எட்டும் காட்சி. முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்: “யாரோ தன் மகனைப் பின்தொடர்வதை அறிந்து பெஞ்சமின் திகிலில் உறைந்தான். ஆண்டவரே காப்பாற்றும் என்று கதறினான்.” இதில் பார்க்கவோ கேட்கவோ ஒன்றுமில்லை. அதையே வேறு விதமாக:

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணுவது அன்று ஆரோனின் முறை.

“இயேசப்பா, சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம். அம்மாவுக்காக, அப்பாவுக்காக ஸ்தோத்திரம். பென்சில் பாக்ஸ் குடுத்த அங்கிளுக்காக ஸ்தோத்திரம். ஆமென்.”

பெஞ்சமின் ஆமெனுக்கு முன்பே கண்ணைத் திறந்துவிட்டிருந்தான்.

“எந்த அங்கிள்டா?” என்றாள் லிடியா, தட்டை நகர்த்தியபடி.

“ஸ்கூல் கேட்ல நின்னாங்க. அப்பாவோட ஃப்ரெண்டாம். வெள்ளிக்கிழமையை மறந்துட வேணாம்னு அப்பாகிட்ட சொல்லச் சொன்னாங்க.”

“யாருங்க அது?”

“ஆபீஸ்ல ஒருத்தர்.” பெஞ்சமின் பென்சில் பாக்ஸைத் திருப்பிப் பார்த்தான். விலைச் சீட்டு இன்னும் பிய்க்கப்படவில்லை.

பயம் என்ற வார்த்தையே இதில் இல்லை. கண் திறந்தது வாசகருக்கு மட்டும் தெரியும், லிடியாவுக்குத் தெரியாது. அட்டவணையில் ஒரு கட்டம் நிரம்பியது. வெள்ளிக்கிழமை என்ற கெடு விழுந்தது. மறைத்தவன் இப்போது நேருக்கு நேராகவே பொய் சொல்லிவிட்டான், அதுவும் ஆமென் சொன்ன அடுத்த நிமிடத்தில். மிரட்டலைக் கொண்டுவந்து சேர்த்ததோ குழந்தையின் ஜெபம். விசுவாசம் இப்படித்தான் கதையின் இயந்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

12ஆம் காட்சிக்கான சன்னலும் இங்கேயே தயாராகிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆரோன் கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து “அங்கிள்!” என்று கையசைக்கிறான். லிடியா திரும்பிப் பார்க்கிறாள். தன் கல்யாண ஆல்பத்தில் இருக்கும் முகம். ஆபீஸ் ஆள் இல்லை.

படி 5: ஜெபத்தைச் சாவியாக்காதீர்கள்

இந்த வகைக் கதையில் அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான். கதவு பூட்டியிருக்கிறது, ஜெபிக்கிறாள், கதவு திறக்கிறது. விசுவாசியான வாசகருக்குக்கூட இது சப்பென்று இருக்கும்.

1 சாமுவேல் 30ஐ ஒரு தடவை எழுத்தாளராக வாசியுங்கள். தாவீதும் அவன் ஆட்களும் குடியிருந்த சிக்லாகு ஊர் எரிந்து கிடக்கிறது, தாவீதின் மனைவிகளும் எல்லாருடைய பிள்ளைகளும் சிறைப்பட்டுப் போய்விட்டார்கள், கூட இருப்பவர்களே அவனைக் கல்லெறியப் பேசுகிறார்கள். தாவீது கர்த்தரிடத்தில் விசாரிக்கிறான். பின்தொடர் என்று பதில் வருகிறது. எங்கே என்ற விலாசம் வரவில்லை. 600 பேரில் 200 பேர் களைத்து ஆற்றங்கரையிலேயே தங்கிவிடுகிறார்கள். வழியில் மூன்று நாள் பட்டினியாகக் கிடந்த ஒரு எகிப்தியனுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள். அவன்தான் எதிரியின் இடத்தைக் காட்டுகிறான். ஜெபத்தில் கிடைத்தது திசை. ஓடியது அவர்கள் கால். கதவு திறந்தது வழியில் காட்டிய இரக்கத்தால்.

உங்கள் கதையிலும் ஒவ்வொரு ஜெபத்துக்குப் பிறகும் பாத்திரம் முன்பைவிடக் கடினமான ஒன்றைச் செய்யட்டும். பெஞ்சமின் ஜெபித்து முடித்ததும் செய்ய வேண்டியது இரண்டாவது கையெழுத்துக்காரரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வது. அது அவனுக்குக் கதவு உடைப்பதைவிடக் கஷ்டம்.

தற்செயலுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். நிலைமையை மோசமாக்கும் தற்செயல் எத்தனை வந்தாலும் வாசகர் பொறுத்துக்கொள்வார். காப்பாற்றும் தற்செயல் ஒன்றே ஒன்று இருக்கலாம், அதற்கும் விதை முதல் எட்டுக் காட்சிக்குள் விழுந்திருக்க வேண்டும். நல்லவர்கள் எல்லாரும் தப்பியே ஆக வேண்டும் என்றும் இல்லை. அப்போஸ்தலர் 12இல் பேதுரு சிறையிலிருந்து விடுவிக்கப்படுகிறான். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொலையுண்டிருக்கிறான். ஏன் இவன், ஏன் அவன் அல்ல என்று அந்த அதிகாரம் விளக்கவில்லை. நீங்களும் விளக்க வேண்டாம்.

வசனம் மேற்கோள் காட்டுவது கதை முழுக்க ஐந்து தடவைக்கு மேல் போனால் குறையுங்கள். எஸ்தரின் எபிரெய மூலத்தில் தேவனுடைய பெயர் ஒரு தடவைகூட இல்லை.

படி 6: சபையின் சொற்கள்

குடும்பம் எந்தச் சபை என்று முதலிலேயே முடிவு செய்து, அந்தச் சொற்களிலேயே கடைசி வரை நில்லுங்கள். கர்த்தர், ஜெபம், போதகர், ஆராதனை என்று பேசும் வீட்டில் திடீரென்று பங்குத்தந்தையும் திருப்பலியும் வந்தால் ஆசிரியருக்கு இடம் தெரியவில்லை என்று புரிந்துவிடும். வேத மொழிபெயர்ப்பும் அப்படித்தான். ஒரே பதிப்பிலிருந்து எடுங்கள்.

சபை மாறினால் கதையின் விசையும் மாறும். கத்தோலிக்கக் குருவிடம் வில்லன் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை அவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது; 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983ஆம் விதி பாவசங்கீர்த்தன முத்திரை, அதாவது அந்த ரகசியக் காப்பு, மீறப்படக் கூடாதது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தும் வாய் திறக்க முடியாத குரு: அதுவே ஒரு முழு நாவலுக்குப் போதும். போதகரிடம் ஆலோசனைக்காகச் சொன்னதற்கு அந்த முத்திரை கிடையாது. அங்கே கேள்வி வேறு, சொல்லலாமா என்பது.

போதகரைப் பிரசங்க மெஷினாக ஆக்கிவிடாதீர்கள். ஒரு காட்சியில் அவர் மூன்று வரிக்கு மேல் தொடர்ந்து பேசினால், நடுவில் அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள், அல்லது எதிரில் இருப்பவர் குறுக்கிடட்டும்.

படி 7: மன்னிப்பை 23ஆம் காட்சிக்கு முன் கொடுக்காதீர்கள்

உண்மை தெரிந்த அதே காட்சியில் லிடியா மன்னித்துவிட்டால் மீதி 12 காட்சிக்கு வேலையில்லை. அவள் கோபம் நியாயமானது, அதை முழுதாக எழுதுங்கள். மன்னிப்பது வேறு, பழையபடி நம்புவது வேறு, சட்டப்படி புகார் கொடுப்பது வேறு. மூன்றும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை. ஒன்று நடந்து மற்றது நடக்காமலும் போகலாம். வில்லனை மன்னித்துவிட்டு அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகும் லிடியா, கடைசிப் பக்கத்தில் முழங்காலில் விழுந்து மனந்திரும்பும் வில்லனைவிட நம்பும்படி இருப்பாள்.

ஆபத்தே கணவனின் கைதான் என்று கதை அமைத்தால் கூடுதல் கவனம் வேண்டும். அடிப்பவனிடம் மனைவியைத் திருப்பி அனுப்புவதை விசுவாசத்தின் வெற்றியாக எழுதாதீர்கள். அந்தக் கதையை அதே நிலையில் இருக்கும் ஒருத்தி வாசிக்கக்கூடும். அவளும் பிள்ளையும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் அங்கே முடிவு.

படி 8: திருத்தம்

வரைவு முடிந்ததும் இரண்டு வாரம் தொடாதீர்கள். பிறகு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாசிப்பு: தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் யாராவது பேசுகிறார்களா? அடுத்தது, ஜெபங்களை மட்டும் தனியே எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். லிடியாவின் ஜெபமும் பெஞ்சமினுடையதும் ஒரே குரலில் கேட்டால் ஒன்றை மாற்றி எழுதுங்கள். பொய் சொல்லிக்கொண்டிருப்பவன் நீளமாக, அழகான வார்த்தையில் ஜெபிப்பான். உடைந்த பிறகு அவனுக்கு நான்கு வார்த்தைகூட வராது.

கடைசியாக, சபைக்குப் போகாத ஒருவரிடமும் தவறாமல் போகும் ஒருவரிடமும் கொடுத்து, கண் தானாக வரிகளைத் தாண்டிப்போன இடங்களில் மட்டும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். இருவரும் ஒரே இடத்தில் கோடு போட்டிருந்தால், பெரும்பாலும் அது போதகர் பேசும் காட்சியாக இருக்கும்.