சுஜாதாவா ராஜேஷ்குமாரா? த்ரில்லர் நாவல்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் நாவல் படிக்கிற நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் சீக்கிரமே இந்தக் கேள்வி வந்துவிடும்: சுஜாதாவா, ராஜேஷ்குமாரா? கூட்டத்தில் வயதானவர் யாராவது இருந்தால் தமிழ்வாணனை இழுப்பார். அவரையும் விடப் பெரியவர் என்றால் வடுவூரார், அதாவது வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் பெயர் வரும். தீர்ப்பும் உடனே கிடைக்கும். "அவரது எழுத்து, இவரது மசாலா." "அந்தக் காலத்து நாவலெல்லாம் ஜவ்வு." "இப்ப எழுதுறவங்களுக்குத் தமிழே வரல."

சண்டை சுவாரஸ்யமானதுதான், நடக்கட்டும். ஆனால் இந்தத் தீர்ப்புகளில் பாதிக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அந்தக் கதை எதில் அச்சானது, எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்தது, வாசகர் அதை எங்கே உட்கார்ந்து படித்தார் என்பதையெல்லாம் சேர்த்து எழுத்தாளர் தலையில் கட்டிவிடுகிறோம். ஒப்பீட்டில் நடக்கும் பெரிய தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

வாரத்தொடரை ஒரே ராத்திரியில் படித்துவிட்டுக் குறை சொல்வது

சுஜாதாவின் 'நைலான் கயிறு' 1968இல் குமுதத்தில் தொடராக வந்தது. தொடர் என்றால் வாரத்துக்குச் சில பக்கம். அடுத்த இதழ் கைக்கு வருவதற்குள் வாசகருக்கு ஏழு நாள் குடும்பமும் வேலையும் கடந்துபோயிருக்கும். யார் யாருக்கு மாமா, கத்தி எந்த அறையில் கிடந்தது என்பதெல்லாம் மறந்திருக்கும். அதனால்தான் தொடர்களில் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நடந்ததை யாராவது ஒரு பாத்திரம் இன்னொருவரிடம் சொல்லி நமக்கு நினைவூட்டுகிறது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு தூக்கிப்போடலில் முடிகிறது. இதையே புத்தகமாக்கி ஒரே மூச்சில் படித்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு திடுக்கிடல் வந்து எரிச்சலூட்டத்தான் செய்யும். அது தொடருக்கே உரிய இலக்கணம், எழுதியவரின் பலவீனம் இல்லை.

நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. மாயவரத்தை ஒட்டிய புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டு வாரம் தவறாமல் எழுதினார். இன்று ஐந்து பாகத்தையும் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு, "வந்தியத்தேவன் எத்தனை தடவைதான் மாட்டிக்கிட்டுத் தப்பிப்பான்?" என்று கேட்கிறார்கள். அன்றைய வாசகருக்கு ஒரு மாட்டலுக்கும் அடுத்த மாட்டலுக்கும் இடையே ஒரு தீபாவளியே போயிருக்கக்கூடும்.

மாத நாவலின் கணக்கு வேறு. நூறு பக்கத்தை ஒட்டிய அளவு, மலிவுத்தாள், பஸ் ஸ்டாண்டு கடையில் தோரணமாகத் தொங்கும் அட்டை. மாயவரத்தில் பாசஞ்சர் ஏறும்போது வாங்கினால் தஞ்சாவூர் வருவதற்குள் முடிந்துவிட வேண்டும். ராஜேஷ்குமார் 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். ஒரு அத்தியாயத்தில் ஒரு ஊர், ஒரு குடும்பம். அடுத்ததில் சம்பந்தமே இல்லாத இன்னொரு ஊர், வேறு ஆட்கள். இரண்டு தண்டவாளமும் கடைசியில்தான் சேரும். ரயிலில் குழந்தை அழுது, டிக்கெட் பரிசோதகர் வந்து, கவனம் நாலு தடவை கலைந்தாலும் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ள இது வசதியான உத்தி. ஆனால் விடுமுறையில் ஐந்து நாவலை அடுக்கிவைத்துப் படித்தால் முப்பதாவது பக்கத்திலேயே முடிச்சு பிடிபட்டுவிடும். அதற்கப்புறம் "எல்லாம் ஒரே மாதிரி" என்றால், அப்படிப் படித்தது யார்?

மாத நாவலை மாத நாவலோடு வைத்துப் பாருங்கள், ஒப்பீட்டுக்கு உயிர் வரும். ஒரே பக்க அளவு, ஒரே மாதக் கெடு. ராஜேஷ்குமார் தன் பக்கங்களை முடிச்சுக்குச் செலவழிக்கிறார். பட்டுக்கோட்டை பிரபாகர், தன் துப்பறியும் ஜோடியான பரத்தும் சுசீலாவும் அடிக்கும் அரட்டைக்கும், சுசீலாவின் டி-ஷர்ட் வாசகங்களுக்கும்கூடத் தாராளமாக இடம் தருகிறார். சுபா என்ற பெயரில் எழுதும் இரட்டையர்களிடம் நரேந்திரனும் வைஜயந்தியும் வரும் கதைகளில் சாகசமும் ஓட்டமும் தூக்கல். இருக்கிற பக்கத்தை எதற்குக் கொடுக்கிறார் என்பதில்தான் ஒருவரின் நடை தெரிகிறது. இதைப் பேசினால் விடிய விடியப் பேசலாம்.

மறுபதிப்பை மூலமென்று நம்புவது

கையில் இருக்கும் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினால் "முதற்பதிப்பு 2012" என்று போட்டிருக்கும். அது அந்தப் பதிப்பகத்தின் முதல் பதிப்பு. கதை எழுதப்பட்டது அதற்கு நாற்பது வருடம் முன்பாக இருக்கலாம். இது தெரியாமல் "2012இல் போய் டிரங்கால் போடுறான் பாருங்க" என்று சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படங்கள் போய்விடுவது இன்னொரு நஷ்டம். சுஜாதாவின் துப்பறியும் வக்கீல்களான கணேஷும் வசந்தும் எப்படி இருப்பார்கள் என்று ஒரு தலைமுறையின் மனதில் பதித்ததில் ஓவியர் ஜெயராஜுக்கும் பங்குண்டு. உடை, தலைமுடி, அறையின் அமைப்பு எல்லாம் படத்தில் வந்துவிடும் என்பதால் எழுத்தில் வர்ணனையைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. படமில்லாத பதிப்பை மட்டும் படித்துவிட்டு "வர்ணனை வறட்சி" என்று மதிப்பிடுவது சரியாகாது. வீட்டுப் பரணில் அந்தக் காலத்துப் பைண்டிங் கிடந்தால், இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்த அந்தத் தொகுப்பில் படிப்பதே நல்லது. நடுநடுவே வரும் விளம்பரங்கள்கூட எந்தக் காலத்து எழுத்து என்று சொல்லிவிடும்.

நடை ஒரே திசையில் வளர்ந்ததாக நினைப்பது

முன்பெல்லாம் நீள வாக்கியமும் பழைய தமிழும், பிறகு படிப்படியாகச் சுருங்கி வேகமாகி, இன்று நவீனம். பலரும் மனதில் வைத்திருக்கும் வரைபடம் இது. உண்மை இவ்வளவு நேராக இல்லை.

மன்னார்குடிக்குப் பக்கத்து வடுவூர்க்காரரான கே. துரைசாமி ஐயங்காரின் (1880–1942) நடை வடமொழி கலந்தது, வாக்கியம் நீண்டது. ஆனால் அதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒருவர் படிக்க நாலு பேர் உட்கார்ந்து கேட்ட காலத்து எழுத்து அது. கண்ணுக்கு நீளமாகத் தெரிகிற வாக்கியம் காதுக்குச் சரியாக நின்று நின்று வரும். அவருடைய துப்பறியும் பாத்திரமான திகம்பர சாமியார் பேச ஆரம்பித்தால் உரையாடல் நாடகம் மாதிரி ஓடும். அதே தலைமுறையில் ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் வேறொரு வேகத்தில் ஓடுகிறான்.

அடுத்து வந்த தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளில் தமிழ் முன்னைவிடத் 'தூய்மை' ஆகிறது. சங்கர்லால் உலகம் சுற்றுகிறார், ஓயாமல் தேநீர் குடிக்கிறார், ஆனால் பேசுவது கலப்பில்லாத, திருத்தமான தமிழ். அதற்குப் பிறகு சுஜாதா ஆங்கிலத்தைத் தாராளமாகக் கலந்து, எழுவாயைத் தூக்கி எறிந்து, ஒருவன் படி இறங்குவதை எழுத்துகளையே படிப்படியாக இறக்கி அச்சில் காட்டுகிறார். கலப்பு, தூய்மை, மறுபடி கலப்பு. ஊசல் போலப் போயிருக்கிறது, ஏணி போல இல்லை. எனவே "குட்டை வாக்கியம், அதனால் புதுமை" என்ற அளவுகோலை ஓரமாக வையுங்கள். இன்று வரும் பல நாவல்களில் குட்டை வாக்கியம் வெறும் பழக்கதோஷம்.

பட்டியல் போடும்போது பெண்கள் விடுபடுவதும் இந்த நேர்கோட்டு வரைபடத்தின் வேலைதான். 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்திய வை.மு. கோதைநாயகி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர், அவற்றில் துப்பறியும் கதைகளும் உண்டு. அவரைப் படிக்காமல் அந்தக் காலத்து வெகுஜன நடை இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடக் கூடாது.

தழுவல் பற்றி இரண்டு வார்த்தை. ஆரணி குப்புசாமி முதலியார் காலத்தில் ஆங்கில நாவலை எடுத்து, ஊரையும் பெயரையும் உணவையும் நம்முடையதாக மாற்றி எழுதுவது சாதாரண வழக்கம். மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டு "காப்பி" என்று முத்திரை குத்துவதோடு நின்றுவிட்டால் ருசியான பகுதி கைநழுவிவிடும். எதை மாற்றினார், எதை மாற்ற முடியாமல் திணறினார் என்று பார்த்தால் அந்தக் காலத்துச் சமூகமே தெரியும்.

எல்லாக் கதைக்கும் "யார் கொலையாளி" என்று கேட்பது

துப்பறியும் கதை 'யார் செய்தது' என்று கேட்கும். த்ரில்லர் 'நடக்குமா, தப்பிப்பானா' என்று கேட்கும். மூன்றாவது வகையில் யார் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, எப்படிப் பிடிபட்டான் என்பதில் கதை நகரும். கொலையாளியை நடுவிலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்பது முதல் வகைக்கு மட்டுமே குறை.

1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். தற்செயல் எதுவும் துப்பறிவாளருக்கு உதவக் கூடாது என்பது அதில் ஒன்று. இந்த விதியை எடுத்துக்கொண்டு திருவிடைமருதூர்க்காரரான தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவிடம் போனால் என்ன ஆகும்? சாம்பு வெற்றி பெறுவதே தற்செயலால்தான். அசடு எதையோ செய்யப்போக, திருடன் வந்து மாட்டுவான். துப்பறியும் கதைகளைக் கேலி செய்ய எழுதியதைத் துப்பறியும் கதையின் தராசில் நிறுத்துவதில் அர்த்தமில்லை. 'ஜஸ்டிஸ் ஜகந்நாத'னையும் அவரேதான் எழுதினார். கோர்ட்டு விசாரணையை வைத்தே முழு நாவலையும் நகர்த்துகிற காரியத்தை அவரால் செய்ய முடிந்தது. சாம்புவில் செய்ய வேண்டாம் என்று விட்டார், அவ்வளவுதான்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை என்ற புகாரும் இந்த ரகம். காட்டுமன்னார்கோயிலின் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கரிகாலனைக் கொன்ற சோமன், ரவிதாசன் முதலானவர்களின் உறவினர் சொத்துகள் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. அது சரித்திரத்துச் சாட்சியம். நாவலாசிரியர் அதே கொலையைச் சந்தேகப் புகையிலேயே விட்டது வேண்டுமென்று செய்த தேர்வு. கல்வெட்டைக் காட்டி நாவலைத் திருத்துவதும், நாவலைக் காட்டிக் கல்வெட்டை மறுப்பதும் நம் பக்கத்தில் தினமும் நடக்கிறது.

"ஒரு போன் போட்டிருந்தால் கதையே முடிந்திருக்கும்"

பழைய கதைகளின் பதற்றம் தாமதத்தில் இருந்தது. தந்தி போய்ச் சேர வேண்டும். டிரங்கால் பதிவுசெய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குக் காரில் விரைகிறவன் 1836இல் கட்டிய அணைக்கரையின் குறுகலான பாலத்தில் எதிர்வண்டிக்காக நின்றாக வேண்டும். அந்தக் காத்திருப்புதான் கதையின் எஞ்சின். செல்போனை வைத்து அதை உடைப்பது சுலபம், ஆனால் எதையும் நிரூபிக்காது.

இன்றைய எழுத்தாளருக்கு வேறு தலைவலி. தெருவுக்குத் தெரு கேமரா, சட்டைப்பையில் இடம்காட்டும் கருவி. சேதி கிடைக்காமல் தவித்த துப்பறிவாளர் போய், சேதிக் குவியலில் எது முக்கியம் என்று தேடுகிறவர் வந்துவிட்டார். இதைச் சரியாகப் பிடித்த நாவல்கள் உண்டு. பிடிக்காதவை கதாநாயகன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, சிக்னல் இல்லை என்று சொல்லித் தப்பிக்கின்றன. முன்பு வேலைக்காரி தற்செயலாக ஒட்டுக்கேட்ட இடத்தில் இப்போது சிக்னல் போகிறது. அந்தச் சோம்பலைக் குறை சொன்னால் நியாயம்.

ஊர்ப்பெருமையும் ஊர்த்தப்பும்

"நம்ம டெல்டா எழுத்தாளர்கள்" என்று ஒரு அணி சேர்ப்பது இங்கே பழக்கம். பெயரில் பட்டுக்கோட்டை இருந்தாலும் பரத்-சுசீலாவின் களம் சென்னைதான். வடுவூராரோ 'கும்பகோணம் வக்கீல்' என்று ஊரைத் தலைப்பிலேயே வைத்தார். அந்தக் கதை மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் 1950இல் 'திகம்பர சாமியார்' ஆகி, நம்பியார் வேஷம் வேஷமாகப் போட்டு நடித்தார். பிறந்த ஊரை வைத்து நடையை ஊகிக்க முடியாது. வட்டாரப் பெருமைக்கு வேறு இடம் பார்க்கலாம்.

ஆனால் கதை டெல்டாவில் நடக்கிறது என்றால் நாம் கறாராக இருக்கலாம். த்ரில்லரில் இடமும் ஒரு சாட்சி. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். ஏப்ரலில் வெண்ணாறு கரைபுரண்டு ஓட, அதில் பிணம் மிதந்து வந்தால், அந்த ஆசிரியர் இங்கே வந்ததில்லை. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நாலாகப் பிரிகிறது. திருவையாற்றில் காவிரியில் விழுந்தவன் பட்டுக்கோட்டையில் கரையொதுங்க வழியே கிடையாது. பட்டுக்கோட்டைப் பக்கம் போவது புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய். தெரிந்து எழுதுகிறவர் கையில் இதுவே அருமையான துப்பாகிவிடும். பிணம் எந்த ஆற்றில் கிடைத்தது என்பதை வைத்தே எங்கே தள்ளினார்கள் என்ற வட்டத்தைப் பாதியாகச் சுருக்கலாம். யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், படிக்க ஆசை.

வயலும் அப்படித்தான். அறுவடைக்கு நிற்கும் சம்பாவுக்குள் ஆள் பதுங்கலாம், தை மாதத்துக் கதை என்றால் ஒத்துக்கொள்ளலாம். மார்ச்சில் அதே வயலில் நிற்பது உளுந்தும் பயறும், முழங்காலுக்குக்கூட வராது. அதற்குள் ஒரு கொலையாளி விடிய விடியப் பதுங்கியிருந்தான் என்று எழுதினால், பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த இடத்தில் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளலாம்.