அப்பாவை எழுப்பிய மர நாற்காலி

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் இடது பக்கம் தளர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் எப்படியாவது நடக்க வைத்துவிட வேண்டும் என்று இடது கையைப் பிடித்து இழுத்தே எழுப்பினேன். பெரிய தவறு. தளர்ந்த தோள்மூட்டு இழுப்பைத் தாங்காது. வலியில் இரவெல்லாம் முனகினார்.

பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, "நடையை அப்புறம் பார்க்கலாம், முதலில் உட்கார்ந்து எழட்டும்" என்றார். சரி என்று கைப்பிடி வைத்த மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். உயரம் போதவில்லை. போர்வையை மடித்து, நழுவாமல் இருக்கையோடு கட்டினேன். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும்.

அப்பா எடை முழுவதையும் வலது காலிலேயே போட்டார். அதனால் பிசியோதெரபிஸ்ட் வலது பாதத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைக்கச் சொன்னார். இப்போது இடது கால் வேலை செய்தே தீர வேண்டும். தொடை நடுங்குவது வேட்டிக்கு மேலேயே தெரியும். நான் இடது பக்கம் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வேன், கையை அல்ல.

ஒரு தடவைக்கு 5 முறை, நாளுக்கு 4 தடவை. தலை சுற்றினால் அன்றைக்கு அதோடு சரி. வாரங்கள் போகப் போகப் போர்வை மடிப்பைக் குறைத்தோம். மூன்றாவது மாதம் ஒரு காலையில், யாரையும் கூப்பிடாமல் எழுந்து ஊன்றுகோலோடு திண்ணைக்கு வந்து நின்றார்.