உங்க போன்ல இருக்கற அடுத்தவங்க நம்பர், போட்டோ, ஆதார் எல்லாம் வெளிய போகாம பாத்துக்கறது எப்படி

பிரைவசின்னு பேச்செடுத்தாலே "நம்மகிட்ட மறைக்க என்னங்க இருக்கு"ன்னு ஒரு பதில் வரும். சரி, உங்களுக்கு மறைக்க ஒண்ணுமே இல்லன்னு வெச்சுக்குவோம், ஆனா உங்க போன்ல நூத்துக்கணக்கான பேரோட நம்பர் இருக்கு, தங்கச்சி பொண்ணு போட்டோ இருக்கு, அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கு, ஏதோ ஃபார்ம் ஃபில்லப் பண்ணித் தரச் சொல்லி பக்கத்து வீட்டு அக்கா அனுப்பின ஆதார் இருக்கு. அவங்கல்லாம் எந்த ஆப்புக்கும் அலோ கொடுக்கல, அவங்களுக்காக நீங்க கொடுத்துட்டீங்க. அவங்களுக்காகவாவது ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் உட்கார்ந்து கீழ இருக்கறதை எல்லாம் பண்ணிடுங்க.

முதல் வேலை கான்டாக்ட்ஸ். செட்டிங்ஸ்ல பிரைவசி உள்ள போனா பெர்மிஷன் மேனேஜர்னு இருக்கும், சாம்சங், ரெட்மி, விவோன்னு போனுக்கு போன் இடம் மாறும், கிடைக்கலன்னா செட்டிங்ஸ் மேல இருக்கற சர்ச்லயே தேடிடுங்க. அதுல கான்டாக்ட்ஸ்ஸ தொட்டா எந்தெந்த ஆப்புக்கு அலோ ஆயிருக்குன்னு லிஸ்ட் வரும். போன் டயலர், மெசேஜ், வாட்ஸ்அப் இதெல்லாம் சரி. டார்ச் லைட், போட்டோ எடிட்டர், கேம், ஷாப்பிங் ஆப் எல்லாம் அந்த லிஸ்ட்ல இருந்தா ஒண்ணு விடாம டோன்ட் அலோ போட்டுடுங்க, முக்காவாசி ஆப் வழக்கம் போலவே ஓடும். பணம் அனுப்பற ஆப்புக்கு கூட கான்டாக்ட்ஸ் கட்டாயம் இல்ல, க்யூஆர் ஸ்கேன் பண்ணலாம் இல்ல நம்பரை டைப் பண்ணலாம். ஐபோன் வெச்சிருக்கறவங்க ஐஓஎஸ் 18 இல்ல அதுக்கு மேல இருந்தா, மொத்த கான்டாக்ட்ஸும் தராம குறிப்பிட்ட சில பேரை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு ஆப்புக்குக் காட்டலாம்.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, லோன் ஆப் கொடுமை மொத்தமும் இந்த ஒரு பெர்மிஷன்லதான் நின்னுச்சு. 2020 கடைசியில ஹைதராபாத்ல போலீஸ் இந்த ஆப்களோட கால் சென்டர்கள்ல ரெய்டு பண்ணி ஆளுங்களைப் பிடிச்சப்பதான் அது எப்படி நடக்குதுன்னே வெளிய தெரிஞ்சுது. ஆப்பை இன்ஸ்டால் பண்ணும்போதே கான்டாக்ட்ஸ், கேலரி ரெண்டையும் வாங்கிக்குவான், சில ஆயிரம் ரூபா கொடுத்து ஒரு வாரத்துல கட்டச் சொல்லுவான், ஒரு நாள் தள்ளிப்போனா கடன் வாங்கினவரோட மாமனாருக்கு, மேனேஜருக்கு, ஸ்கூல்ல கூடப் படிச்சவனுக்குன்னு எல்லாருக்கும் போன் போட்டு அசிங்கமா பேசுவான், கேலரியில இருந்து எடுத்த போட்டோவை மார்ஃப் பண்ணி அனுப்புவான். இதைத் தாங்க முடியாம உயிரை விட்டவங்க தெலங்கானாவுல மட்டும் இல்ல, நம்ம ஊர்லயும் இருக்காங்க. ரிசர்வ் வங்கி போட்ட குழு 2021ல பாத்தப்ப சுமார் 1,100 லோன் ஆப்ல 600 ஆப் சட்டவிரோதமா இருந்துச்சு. அதுக்கப்புறம் 2022 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி, கடன் கொடுக்கற ஆப் கான்டாக்ட்ஸ், கேலரி, கால் லாக் எதையும் தொடக்கூடாதுன்னு விதி போட்டுச்சு, 2023 மே 31ல இருந்து கூகுள் பிளே ஸ்டோரும் லோன் ஆப்புங்க போட்டோவையும் கான்டாக்ட்ஸையும் எடுக்கறதுக்குத் தடை போட்டுச்சு. அதனால இப்ப ஒரு லோன் ஆப் கான்டாக்ட்ஸ் கேக்குதுன்னா யோசிக்கவே வேண்டாம், அது விதியை மீறுது, தூக்கிடுங்க. அவசரத்துக்கு கடன் வேணும்னா ரிசர்வ் வங்கி வெப்சைட்லயே முறையான டிஜிட்டல் லோன் ஆப்களோட லிஸ்ட் 2025ல இருந்து இருக்கு, அதுல பேர் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

ஏற்கெனவே மாட்டிக்கிட்டவங்க யாராவது இதைப் படிச்சா, முதல்ல பயப்படாதீங்க. அவன் போன் போடறதுக்கு முன்னாடி நீங்களே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல "என் நம்பர் லிஸ்ட் திருடு போயிருக்கு, யாராவது என்னைப் பத்தி ஏதாவது அனுப்பினா நம்பாதீங்க, பிளாக் பண்ணுங்க"ன்னு போட்டுடுங்க, அவன் கையில இருக்கற ஒரே ஆயுதம் உங்க கூச்சம்தான். மிரட்டல் மெசேஜ், நம்பர், பணம் போன கணக்கு எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க. மிரட்டறான்னு திரும்பத் திரும்ப பணம் கட்டாதீங்க, கட்டக் கட்ட கேட்டுக்கிட்டேதான் இருப்பான்.

கான்டாக்ட்ஸ் முடிஞ்சதும் அதே பெர்மிஷன் மேனேஜர்ல கேமரா, மைக், லொகேஷன் மூணையும் ஒரு பார்வை பாத்துடுங்க. லொகேஷன் மேப்புக்கும் கேபுக்கும் ஆப்பை யூஸ் பண்ணும்போது மட்டும்னு வைங்க, வானிலை ஆப்புக்கு துல்லியமான இடம் எதுக்கு, பிரிசைஸ் லொகேஷனை ஆஃப் பண்ணுங்க. ஆண்ட்ராய்டு 12ல இருந்து பிரைவசி டேஷ்போர்டுன்னு ஒண்ணு இருக்கு, எந்த ஆப் எத்தனை மணிக்கு மைக் தொட்டுச்சுன்னு அதுலயே தெரியும். அக்சஸிபிலிட்டி பெர்மிஷன் மட்டும் தனியா போய் பாருங்க, அதைக் கொடுத்துட்டா அந்த ஆப் உங்க ஸ்கிரீன்ல வர்ற ஓடிபி முதற்கொண்டு படிக்கலாம், உங்களுக்குப் பதிலா பட்டனும் அழுத்தலாம். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான்னு வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே ஃபைல், அதாவது பிளே ஸ்டோர் இல்லாம நேரா ஆப்பை இன்ஸ்டால் பண்ற ஃபைல், அடிக்கடி கேக்கறது இதைத்தான், சொந்த மாமா நம்பர்ல இருந்து வந்தாலும் தொடாதீங்க, அவர் போன் ஹேக் ஆயிருக்கலாம்.

அடுத்தது ஜெராக்ஸ் கடை, இதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல. பிரிண்ட் எடுக்கப் போனா கடைக்காரர் நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணச் சொல்லுவாரு, அவர் கம்ப்யூட்டர் ஸ்கிரீனை ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்க, டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுக்க யாரோ ஒருத்தரோட ஆதார், இன்னொருத்தரோட பான் கார்டு, யாரோ பொண்ணோட மார்க்ஷீட், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம்னு வாரக்கணக்குல அப்படியே கிடக்கும், பக்கத்துல நிக்கறவங்க எல்லாரும் பாக்கலாம். கடைக்காரர் கெட்டவர்னு சொல்லல, அவருக்கு அதை அழிக்க நேரம் இல்ல. நீங்க பண்ண வேண்டியது, முடிஞ்ச இடத்துல எல்லாம் மாஸ்க்டு ஆதார் கொடுங்க, மைஆதார் வெப்சைட்ல டவுன்லோட் பண்ணும்போது அந்த ஆப்ஷனை டிக் பண்ணா 12 நம்பர்ல கடைசி 4 மட்டும்தான் தெரியும். பிரிண்ட் வந்ததும் "அண்ணே, அந்த ஃபைலை அழிச்சிடுங்களேன்"னு நின்னு கேளுங்க, டவுன்லோட்ஸ்ல இருந்தும் ரீசைக்கிள் பின்ல இருந்தும் போகணும், வாட்ஸ்அப்ல நீங்க டெலிட் ஃபார் எவ்ரிஒன் பண்றது மட்டும் பத்தாது, ஏன்னா கம்ப்யூட்டர்ல இறங்கின காப்பி அங்கேயேதான் இருக்கும். அடுத்தவங்க ஆதாரை எடுத்துட்டுப் போனீங்கன்னா, வேலை முடிஞ்சதும் உங்க கேலரியில இருந்தும் அழிச்சிட்டு அவங்ககிட்ட அழிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

துணிக்கடை, சூப்பர் மார்க்கெட்ல பில் போடும்போது நம்பர் கேட்டா வேண்டாம்னு சொல்லலாம், நம்பர் கொடுத்தாதான் பில்லுன்னு அடம்பிடிக்கறது தப்புன்னு 2023லயே மத்திய நுகர்வோர் துறை சொல்லிடுச்சு. ஸ்மார்ட் டிவியில வியூயிங் இன்ஃபர்மேஷன்னோ அந்த மாதிரி ஏதாவது பேர்லயோ இருக்கறதை ஆஃப் பண்ணிடுங்க, நீங்க என்ன பாக்கறீங்கன்னு ஸ்கிரீனை வெச்சே கண்டுபிடிச்சு விக்கற வேலை அது, அமெரிக்காவுல விசியோ கம்பெனி இதைச் சொல்லாம செஞ்சதுக்கு 2017ல 22 லட்சம் டாலர் கட்டுச்சு.

வீட்டு கேமரா விஷயத்துல கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். பெட்ரூம், குழந்தைங்க ரூம்ல நெட்ல ஓடற கேமரா வேண்டவே வேண்டாம். அமேசானோட ரிங் கேமரா கம்பெனியில ஒரு ஊழியர் பெண்களோட பெட்ரூம், பாத்ரூம் வீடியோ ஆயிரக்கணக்குல பாத்திருந்தார்னு அமெரிக்க அரசு குற்றம் சாட்டி 2023ல 58 லட்சம் டாலர் வாங்குச்சு. வாசல்ல மட்டும் வைங்க, பாக்ஸ்ல வந்த பாஸ்வேர்டை அன்னிக்கே மாத்துங்க, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணுங்க, எதிர் வீட்டுக் கதவு ஃப்ரேம்ல வந்தா கேமராவைத் திருப்புங்க இல்ல ஆப்ல பிரைவசி சோன் போட்டு அந்த இடத்தைக் கறுப்பாக்குங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்காகிட்ட கேமரா எங்க இருக்கு, சவுண்டு ரெக்கார்டு ஆகுதான்னு முதல் நாளே சொல்லிடுங்க, அவங்க உட்கார்ந்து சாப்பிடற இடத்துக்கு நேரா வைக்காதீங்க. 2023ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டம், ஒருத்தர் சொந்த வீட்டு உபயோகத்துக்கு வெச்சிருக்கற டேட்டாவைத் தொடாது, அதனால இங்க எல்லாம் உங்க மனசாட்சியை நம்பித்தான் அவங்க இருக்காங்க.

இன்னொண்ணு, மனைவி போன்லயோ காலேஜ் போற பையன் போன்லயோ தெரியாம டிராக்கிங் ஆப் போடறதை அக்கறைன்னு நினைக்கறவங்க நிறைய பேர். தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ராத்திரி லேட்டா வர்ற பொண்ணைப் பத்தி கவலைன்னா அவங்களையே வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் ஒரு மணி நேரத்துக்கு அனுப்பச் சொல்லுங்க, அது தானா நின்னுடும், எப்ப வேணாலும் அவங்களே நிறுத்தவும் முடியும். உங்க மேலயே யாராவது கண் வெச்சிருக்காங்களோன்னு சந்தேகமா இருந்தா வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ் திறந்து தெரியாத கம்ப்யூட்டர் எது இருந்தாலும் லாக் அவுட் பண்ணுங்க, கூகுள் அக்கவுண்ட்ல யுவர் டிவைசஸ் பாருங்க, கூகுள் மேப்ல லொகேஷன் ஷேரிங் யாருக்குப் போயிட்டு இருக்குன்னும் பாருங்க. ஆனா வீட்ல அடி உதை மாதிரி பிரச்சினை இருக்கறவங்க இந்தக் கண்காணிப்பை உடனே நிறுத்தாதீங்க, நிறுத்தினது அந்த ஆளுக்குத் தெரிஞ்சா ஆபத்து ஜாஸ்தியாகலாம், வேற ஒருத்தர் போன்ல இருந்து 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசிட்டு அப்புறம் செய்யுங்க.